பதினோரு விநாடி

ஜனவரி 9, வெள்ளி

காபி குடிக்க ஆசைப்பட்டு டீ வாங்கி வந்தேன். கேன்டீனில் எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். 'கா' தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. 'டீ' சுலபமாக வந்துவிட்டது. இருபத்தொரு வயது வரை இப்படித்தான் வந்திருக்கிறேன் — வேண்டியதைக் கேட்காமல், வாயில் வருவதைக் கேட்டு.

புள்ளியியல் படிக்கிறவன் என்பதால் எண்ணிக்கையும் வைத்திருக்கிறேன். போன வாரம் திக்கிய இடங்கள் எழுபத்திரண்டு. மிக மோசமான எழுத்து 'ம'. 'அம்மா'வில் 'அ' முதலில் வருவதால் பிழைத்தேன்.

நூலக வாசலில் ஓர் அறிவிப்பு. செயற்கை நுண்ணறிவோடு கதை சொல்லும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு விருது. எட்டு நிமிடத்துக்கு மிகாத ஒலிக்கதை. ஏஐயை எங்கே, எதற்குப் பயன்படுத்தினோம் என்று வேலைக் குறிப்பும் கூடவே தர வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் கதைச் சுருக்கம். தேர்வாகும் பன்னிரண்டு பேர் மார்ச் இருபதாம் தேதி அரங்கில் நடுவர்கள் முன் போட்டுக் காட்ட வேண்டும்.

வயர் என் பக்கத்தில் நின்று படித்தாள். மின்னணுவியல் மாணவி. பையைத் திறந்தால் வயராகக் கொட்டும், அதனால் அந்தப் பெயர். "நீ வாயே திறக்க வேண்டாம்டா. எழுதிக் குடு, மெஷின் பேசிக்கும்" என்றாள்.

அதற்காகத்தான் பெயர் கொடுத்தேன். பொய் சொல்வானேன்.

ஜனவரி 13, செவ்வாய்

எந்தக் கதை என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. திக்கிப் பேசும் ஒருவர் அவசர உதவி எண்ணுக்கு போன் செய்கிறார். வீட்டில் மனைவி அடிபட்டுக் கிடக்கிறாள். முகவரி சொல்ல வேண்டும். வரவில்லை.

இதை உரையாடும் ஏஐயிடம் கொடுத்து முடிவு கேட்டேன். அவர் ஆழமாக மூச்சை இழுத்து, தெளிவாகப் பேசிவிடுகிறார். வேறு முடிவு கேட்டேன். மனைவியின் முகத்தை நினைத்துக்கொள்கிறார், தெளிவாகப் பேசிவிடுகிறார். பதினான்கு முறை கேட்டேன். ஒரு முறை மழை, ஒரு முறை குழந்தை, ஒரு முறை இறந்துபோன வாத்தியாரின் குரல். பதினான்கு முறையும் திக்கல் போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகப் போகாதது, இதற்கு ஒரே பத்தியில் போகிறது.

ஜனவரி 14, புதன்

'திக்கல் போகக் கூடாது' என்று வெளிப்படையாகவே எழுதினேன். சரி என்றது. பதினைந்தாவது கதையில் அவர் மேடையேறித் தன் திக்கலைப் பற்றிச் சரளமாக உரையாற்றுகிறார். கைதட்டல்.

ஜனவரி 18, ஞாயிறு

வயர் வீட்டு மாடி அறையில் வேலை. எழுதிக் கொடுத்தால் பேசும் குரல் செயலி ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். 'மூ-மூ-மூ-மூன்றாம் குறுக்குத் தெரு' என்று அடித்துக் கொடுத்தோம். பஸ் ஹாரன் மாதிரி அடித்தது. வயர் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைப் போலப் பேசிக் காட்டியவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசிக் காட்டினார்கள். கேட்டதைத்தானே அதுவும் சொல்லும்.

நிஜத்தில் திக்கல் பெரும்பாலும் சத்தமே இல்லை. உதடு ஒட்டிக்கொள்ளும், தாடை இறுகும், மூச்சு உள்ளே முட்டி நிற்கும். எதிரில் இருப்பவருக்கு ஒன்றுமே கேட்காது. ஊமை கண்ட கனவு என்பார்கள். நாங்கள் ஊமையும் இல்லை, கண்டது கனவும் இல்லை.

அந்தச் சத்தமில்லாத இடத்தை எப்படி எழுதிக் கொடுப்பது?

ஜனவரி 24, சனி

நம் குரலையே பதிவு செய்து கொடுத்தால் அதே குரலில் பேசும் என்றாள் வயர். பத்து நிமிடம் படிக்கச் சொன்னது. எனக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. நின்ற இடங்களையெல்லாம் செயலி தானாகவே நறுக்கித் தள்ளிவிட்டு, ஒரு மணி நேரத்தில் குரலைத் தயார் செய்துவிட்டது.

கேட்டேன்.

என் குரல். அதே மூக்கடைப்பு, அதே சலிப்பு. 'மூன்றாம் குறுக்குத் தெரு, எண் பதினாறு, மூன்றாவது மாடி.' எங்கேயும் தட்டவில்லை, முட்டவில்லை.

கேன்டீனில் காபி கேட்க வைத்தேன். துறைத் தலைவரிடம் விடுப்பு கேட்க வைத்தேன். பஸ்ஸில் எதிர் இருக்கைப் பெண்ணிடம் மணி கேட்க வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னான் அவன். வயர் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். நான் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு மடத்தனம் செய்தேன். இன்று சித்தியின் பிறந்தநாள். ஒவ்வொரு வருடமும் எழுத்தில்தான் வாழ்த்துவேன். இந்த வருடம் அவன் குரலில் அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

சித்தி அம்மாவுக்கு போன் செய்து அழுதிருக்கிறாள். பையனுக்கு வாய் சரியானதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று என் தலை தெரியும்போதெல்லாம் சொல்கிறவள். சந்தோஷத்தில் அழுகிறாள், என்ன செய்வது.

அம்மா போனைப் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். முகம் முழுக்க மலர்ச்சி. கொஞ்சம் மனத்தாங்கலும் — தன்னிடம் முதலில் சொல்லவில்லையே என்று.

"அது நான் இல்லம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'அது' வரவில்லை. அம்மாவுக்கு அதிலேயே பதில் கிடைத்துவிட்டது. போனோடு அறைக்குள் போய்விட்டாள். அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு வாசனை தெரியாது. நான்தான் ஓடிப்போய் அணைத்தேன்.

அவனை வைத்து இனி யாருக்கும் எதுவும் அனுப்பக் கூடாது. கதைக்கு மட்டும்தான்.

ஜனவரி 30, வெள்ளி

கதைச் சுருக்கத்தை அனுப்பியாகிவிட்டது. நடந்ததை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நாலு வருடம் முன்பு, ஒரு புதன்கிழமை காலை. அம்மா ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். பின்மண்டை குளியலறைப் படியில் இடித்தது. பேச்சு மூச்சில்லை. தரையெல்லாம் ரத்தம். அப்பா அவசர எண்ணை அழைத்தார். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அப்பாவுக்கும் என்னைப் போலத்தான் — நான்தான் அவரைப் போல. 'மூ' வரவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். மறுபடி அழைப்பு. மறுபடி துண்டிப்பு. பிறகு அப்பா வெறுங்காலோடு மூன்று மாடி இறங்கி ஓடி, கீழ்க்கடைத் தையல்காரரின் கையைப் பிடித்து மேலே இழுத்து வந்தார். அவர்தான் பேசினார். வண்டி வந்தது.

அம்மா பிழைத்தாள். வாசனை மட்டும் போய்விட்டது. தலையில் அடிபட்டால் அப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர்.

அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் வண்டி வரத் தாமதமானது என்பதுதான். அப்பாவும் நானும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் கைவந்த கலையாயிற்றே.

அப்பாவின் பழைய போனில் அந்த அழைப்புகள் இன்னும் இருக்கின்றன. முதலாவது பத்தொன்பது விநாடி. அந்தப் பக்கம் பேசியதை நானே சொல்லிப் பார்த்து அளந்தேன், எட்டு வந்தது. மீதி பதினோரு விநாடி.

கதையில் இரண்டு அழைப்பையும் செய்பவர் அப்பா.

பிப்ரவரி 11, புதன்

பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். இனி அப்பாவிடம் கேட்காமல் தப்ப முடியாது.

பிப்ரவரி 14, சனி

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண்ணாடி தேய்க்கிறார். கடையின் முன்பக்கம் வாடிக்கையாளர்களோடு பேச ஆட்கள் இருக்கிறார்கள். பின்பக்கம் இயந்திரத்தின் சத்தம் மட்டும். அவர் பேச வேண்டிய அவசியமே இல்லை. இருபத்தாறு வருடமாக அதே ஸ்டூல்.

என்னைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். எழுதிக் கொண்டுபோன தாளைக் கொடுத்தேன். விருது, கதை, என்ன கேட்க வந்தேன் என்பது எல்லாம் அதில் இருந்தது. படித்துவிட்டு என் இயர்போனுக்குக் கை நீட்டினார். முதல் வடிவம், ஏழரை நிமிடம். கையிலிருந்த கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தபடியே கேட்டார். கதை முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்தினார்.

"ரெண்டாவது தடவை பேசினது நான் இல்லையே" என்றார்.

அவர் சொன்னதை இங்கே திக்காமல் எழுதுகிறேன். எழுத்தில் அந்தச் சலுகை உண்டு.

கோபமே இல்லை. சீட்டில் பவர் தப்பாக எழுதியிருந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "போடறதுன்னா போடு. ஆனா அம்மாவுக்கு மொதல்ல தெரியணும். அதை நான் சொல்றேன்" என்றார். மறுபடி இயந்திரத்தைப் போட்டுவிட்டார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆமா. நான்தான். அப்பா கையிலேர்ந்து போனைப் பிடுங்கினது நான்தான். உங்களால முடியாது, என்கிட்ட குடுங்கன்னு ஒரு பார்வை பாத்தேனே — அந்தப் பார்வைய அவர் மறந்திருப்பாரா? பதினேழு வயசு. இருபத்துநாலு விநாடி. 'மூ' ... 'மூ' ... அப்புறம் ஒண்ணுமே இல்ல. "தம்பி, இது விளையாடற நம்பர் இல்ல"ன்னு அந்தம்மா சொன்னாங்க. வெச்சுட்டாங்க. அம்மா தலைய மடியில வெச்சுக்கிட்டு அப்பா என்னைப் பாத்தார். அப்புறம்தான் கீழ ஓடினார்.

அதைத் தூக்கி அப்பா தலையில கட்டிட்டேன். கதையில மட்டுமா? மனசுக்குள்ள நாலு வருஷமா அப்படித்தான் வெச்சிருக்கேன். அப்பாவால பேச முடியல, அதனால வண்டி லேட்டு. நான் எங்க அதுல? நான் இல்லவே இல்ல.

போன மாசம் இதே நோட்டுல நடந்ததை எழுதினேன். இப்ப புரட்டிப் பாத்தேன். 'மறுபடி அழைப்பு'ன்னு எழுதி இருக்கேன். யார் அழைச்சதுன்னு எழுதல. யாருக்குப் பயந்து? இதை யார் படிக்கப் போறா?

மாத்தணும். முழுசா மாத்தணும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

வயரிடம் சொன்னேன். முழுதாக, வாயால். பஸ் மூன்று நிறுத்தம் தாண்டியது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, வார்த்தை எடுத்தும் கொடுக்கவில்லை. கடைசியில், "அப்ப பழைய கதை வேண்டாம். எத்தனை நாள் இருக்கு?" என்றாள்.

பதினெட்டு நாள். மார்ச் ஏழுக்குள் முடித்த ஒலிக்கோப்பை அனுப்பிவிட வேண்டும்.

நேற்றிலிருந்து ஒன்றே ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த இருபத்துநாலு விநாடியில் என் தலைக்குள் நான் திக்கவே இல்லை. முகவரி முழுசாக, சுத்தமாக, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். அந்த உள்குரலை வெளியே யாரும் கேட்டதில்லை. இப்போது அது என்னிடம் இருக்கிறது. ஏஐ செய்து கொடுத்த குரல் அதுதான். அதற்கான இடம் சித்தியின் போன் இல்லை. இந்தக் கதைதான்.

ஆக இப்படி: முதல் அழைப்பு அப்பாவுடையது. வெளியிலிருந்து மட்டும், அந்தம்மாவுக்குக் கேட்டது மாதிரியே. பதினோரு விநாடி ஒன்றும் இல்லை. இரண்டாவது அழைப்பு என்னுடையது, உள்ளேயிருந்து. என் நிஜ வாய் 'மூ'வில் நிற்க, உள்ளே ஏஐ குரல் முகவரியைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவசர உதவிப் பெண்ணின் குரலும் ஏஐதான். சரளமாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஏஐ. திக்குகிறவர்கள் நாங்கள்.

"இதுக்கு முடிவு கேக்கப் போறியா அதுகிட்ட?" என்றாள் வயர்.

முடிவு என்னிடம் இருக்கிறது. தையல்காரர் பேசுகிறார், வண்டி வருகிறது. அவ்வளவுதான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அப்பா இன்று சொன்னார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவைக் கூடத்தில் உட்கார வைத்தார். என்னையும் இருக்கச் சொன்னார். அம்மா பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள், நாள் முழுவதும் போனில் பேச்சு. வீட்டுக்கு வந்தால் எங்கள் வாக்கியங்களையும் அவளே முடித்து வைப்பாள். பாவம், உதவி என்று நினைத்துத்தான். இன்றும் முதல் நாலைந்து வார்த்தையை அவளே எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் தப்பாக இருந்தது. எங்கே போகிறது என்று தெரியாததால் நிறுத்திக்கொண்டாள்.

அப்பா சொல்லி முடிக்க அரை மணிக்கு மேல் ஆனது. தன் அழைப்பை மட்டும் சொன்னார். இரண்டாவதை என்னிடம் விட்டுவிட்டார். நான் சொன்னேன்.

அம்மாவிடமிருந்து நான் பயந்தது எதுவோ அது வரவில்லை. வேறொன்று வந்தது.

"அன்னைக்கு அவசர அவசரமா ஈரத்துல கால வெச்சது நான்தான். அதுக்குத்தான் நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசறதில்லன்னு நெனைச்சேன்" என்றாள். "நாலு வருஷமா."

அப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வரவில்லை. அம்மா எடுத்துக் கொடுக்கவில்லை. அவரும் கடைசிவரை சொல்லவில்லை. எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிப்ரவரி 28, சனி

பதிவு. துணி அலமாரியைத் திறந்து, முன்னால் போர்வைகளைத் தொங்கவிட்டு, வயர் அதற்குள் மைக்கை வைத்தாள். அப்பா அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

பேசச் சொன்னோம். 'மூன்றாம் குறுக்குத் தெரு, எண் பதினாறு' என்று கணீரென்று சொல்லிவிட்டார். அவரே திடுக்கிட்டுவிட்டார். மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் கணீரென்று. ஏழு முறை. திக்க வேண்டும் என்றால் வராதாம். அப்பா சிரித்தே விட்டார். ஐம்பத்து மூன்று வருடமாக ஒளித்து வைக்கப் பார்த்தது, இன்று வாடா என்றால் வரமாட்டேன் என்கிறது.

அம்மாதான் வழி சொன்னாள். அடுத்த அறைக்குப் போய் அப்பாவின் போனுக்கு அழைத்தாள். மருத்துவமனைக் குரலில், அவசரமாக, "சொல்லுங்க, எங்கேர்ந்து பேசறீங்க?" என்றாள்.

போனைக் காதில் வைத்ததும் அப்பாவின் தாடை இறுகியது. கழுத்து நரம்பு எனக்குத் தெரிந்தது. பதின்மூன்று விநாடி. அதற்குப் பிறகு 'மூ' வந்தது. தெரு வந்தது. எண் வந்தது. மாடி வந்தது. அடுத்த அறையில் அம்மா லைனை வைக்கவே இல்லை.

எல்லாம் முடிந்து கணினியில் ஏற்றினால், செயலி ஒரு செய்தி காட்டுகிறது: 'தேவையற்ற இடைவெளிகள் நீக்கப்பட்டன.' பதின்மூன்று விநாடியும் போயே போய்விட்டது. வயர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், அப்பா முன்னாலேயே. நல்லவேளை, மூலப்பதிவு தனியாக இருந்தது. சரிசெய்கிறேன் என்று தானாக வருகிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடி அணைத்தோம். ஒன்பது இருந்தன.

மார்ச் 5, வியாழன்

அனுப்பிவிட்டேன். ஏழு நிமிடம் ஐம்பது விநாடி.

வேலைக் குறிப்பில் ஏஐ செய்தது, செய்யத் தெரியாதது, நாங்கள் அணைத்து வைத்தது எல்லாம் எழுதினேன். அப்பாவின் பதிவில் நான் வெட்டியது இரண்டு விநாடி. அதோடு, 'மூ'விலிருந்து வந்தது எல்லாம். காரணம் என்ற இடத்தில் எழுதினேன்: அன்று அவருக்குப் பதினோரு விநாடிதான் கொடுத்தார்கள்.

மார்ச் 20, வெள்ளி

அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அம்மா வந்தாள், மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எட்டாவது. எனக்கு முன் ஓடியவற்றில் ஒன்று — காணாமல் போன பஸ்ஸைத் தேடும் ஓட்டுநரின் கதை — எனக்கே பொறாமையாக இருந்தது.

விளக்கு அணைந்தது. என் கதை ஆரம்பித்தது. தண்ணீர் சத்தம், விழும் சத்தம், எண்கள் அழுத்தும் சத்தம். "சொல்லுங்க, எங்கிருந்து பேசறீங்க?" பிறகு ஒன்றும் இல்லை.

நாலு விநாடி. ஐந்து. பின்னால் ஒலிபெருக்கியைக் கவனிப்பவர் எழுந்தார். கோப்பு மாட்டிக்கொண்டது என்று நினைத்திருக்கிறார். நிறுத்திவிட்டு முதலிலிருந்து போட்டார். மறுபடி தண்ணீர், விழுதல், எண்கள். "எங்கிருந்து பேசறீங்க?" இந்த முறை மூன்றே விநாடியில் நிறுத்திவிட்டார். விளக்கு எரிந்தது. ஒருங்கிணைப்பாளர் ஒலிவாங்கியை எடுத்து, பதிவில் ஏதோ கோளாறு, அடுத்தவரைப் பார்த்துவிட்டு இவருக்கு வருவோம் என்றார்.

என்ன சொல்ல? திரும்பவும் வெச்சுட்டாங்க. அதே இடத்துல, அதே மாதிரி.

எழுந்தேன். பக்கவாட்டில் வயர் தன் போனைத் தூக்கிக் காட்டினாள். அதில் அவன் இருக்கிறான்; நான் எழுதினால் அவன் சொல்லிவிடுவான், ஒரு விநாடியில். அம்மா இருக்கையை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள் — எனக்காகச் சொல்ல. அவளைப் பார்த்தேன். உட்கார்ந்துகொண்டாள். வயரிடம் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

ஒருங்கிணைப்பாளர் ஒலிவாங்கியைத் தந்தார். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. நிறுத்தாதீங்க. 'நி'யில் நின்றுவிட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வழக்கமாக இந்த இடத்தில் வேறு வார்த்தைக்குத் தாவுவேன் — 'ஓடட்டும்' சுலபம், 'விடுங்க' இன்னும் சுலபம். இரண்டும் வாயருகே வந்து நின்றன. தாவவில்லை. இதைத்தான் சொல்வது என்று நின்றேன். முதல் வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ இருமினார்கள். பிறகு இருமலும் இல்லை.

"நிறுத்தாதீங்க" என்றேன். "அது கோளாறு இல்ல. அது எங்கப்பா."

வயர் எண்ணியிருக்கிறாள்: பதினாறு விநாடி.

பின்னாலிருந்தவர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பது போல் அசைத்தார். விளக்கை அணைத்தார்கள். முதலிலிருந்து போட்டார். பதினோரு விநாடி வந்தது. இருநூறு பேர் அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள். 'தம்பி, இது விளையாடற நம்பர் இல்ல' வந்தபோது அரங்கில் யாரோ 'ஐயோ' என்றது கேட்டது.

நடுவர்களில் ஒருவர் கேட்டார்: இவ்வளவும் மனிதக் குரலாக இருக்கிறதே, இதில் ஏஐ செய்தது என்ன? நியாயமான கேள்விதான். "உள்ள பேசறது அது. அதை இதுவரைக்கும் யாருக்கும் கேக்க வைக்க முடிஞ்சதில்ல" என்றேன். சொல்ல நேரமாயிற்று. காத்திருந்தார்கள்.

பஸ் ஓட்டுநர் கதைக்கு முதல் பரிசு. எனக்கு இரண்டாவது. சரியான தீர்ப்பு.

மார்ச் 22, ஞாயிறு

அன்று எழுதாமல் விட்டது ஒன்று. அரங்கு கலையும்போது ஒரு பெண்மணி வந்து பேசினார். அவருடைய மகளும் போட்டியில் இருந்தவள். அவர் அவசர அழைப்பு நிலையத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி தருகிறவராம். "பதில் வரலேன்னா சீக்கிரம் வெச்சுட்டு அடுத்த காலை எடுங்கன்னு நான்தான் சொல்லிக்கொடுக்கறேன்" என்றார். பிறகு பயிற்சியில் போட்டுக் காட்டப் பதிவைத் தர முடியுமா என்றார். முடிந்தால் உங்கள் அப்பாவும் வந்து பத்து நிமிடம் பேசுவாரா என்று கேட்டார்.

அப்பா பேசுவாரா! சிரிப்புத்தான் வந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இன்று கேட்டேன். அப்பா செய்தித்தாளை மடித்தார், விரித்தார். இல்லை என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் தானே வந்து, அந்த இடத்துக்கு எந்த பஸ் என்று கேட்டார்.

ஏப்ரல் 16, வியாழன்

அப்பா இன்று போய் வந்தார். கூட வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அம்மா சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள், அவ்வளவுதான் எங்கள் பங்கு.

நாலு மணிக்குத் திரும்பினார். செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, சாவகாசமாக உட்கார்ந்தார். எப்படி இருந்தது என்று அம்மா கேட்டாள். பத்து நிமிடப் பேச்சுக்கு நாற்பது நிமிடம் ஆகிவிட்டதாம். முப்பது பேராம், பாதிப் பேர் என் வயது. யாரும் எழுந்து போகவில்லையாம்.

"ஒரு பொண்ணு கேட்டுச்சு, அந்த நேரத்துல நாங்க என்ன சார் சொல்லணும்னு" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா, லைன்ல இருங்க, போதும்னேன்."

டீயைக் குடித்து முடித்தார். அடுத்த மாதம் இன்னொரு குழு வருகிறதாம், வரச் சொல்லியிருக்கிறார்களாம். கடையில் விடுப்புக்கு நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், முதலாளியிடம் நாளைக்குத் தானே கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்.